உன் கையை விட்டது யார்

இனிமேல்தான் பெரியவனாகப் போகும் என் மகனுக்கு,

இதை எழுதத் தொடங்கும்போது உனக்கு ஐந்தரை வயது. ஒன்றாம் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய். மழை வந்தால் அந்த வரிசைக்கு மேலேதான் ஓடு ஒழுகும் என்று உன் டீச்சரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்; மூன்றாவது முறை சொல்லப் போனால் என்னைக் கண்டதும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை இருக்கும். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கூடத்தில் பாயும் தலையணையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படித்தான் உன் அப்பா திட்டம் போட்டிருக்கிறார். நீ நைனா என்று கூப்பிடும் அந்த மனிதர், வாரப் பத்திரிகையில் தான் எழுதிய பக்கங்களையெல்லாம் கத்தரித்து, ஊரில் மற்றவர்கள் தொடர்கதைகளை பைண்டு பண்ணி வைப்பதுபோல பைண்டு பண்ணி, உன் கல்யாணத்தன்று உன் கையில் கொடுக்கப் போகிறாராம். "சீரெல்லாம் பொண்ணு வூட்டுக்காரங்க செய்யட்டும், சிரிப்பு நம்ம வூட்டுது" என்றார். அதில் ஒரு பக்கத்தில் நடந்தது ஒன்று, அச்சானது வேறு. அந்தப் பக்கத்துக்குப் பின்னால் செருகி வைப்பதற்காக எழுதுவதுதான் இது.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஊரே சொல்லும். செங்கல்பட்டிலிருந்து காலை ரயிலில் சென்னைக்குப் போய், ஒரு அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டி அவிழ்த்து, மறுபடி கட்டிவிட்டு, மாலை ரயிலில் திரும்பி வருகிறவர். நடுவில் ரயிலில் உட்கார்ந்து, முழங்காலில் ஒரு அட்டையை வைத்து, குடும்பம் நடத்துவதைப் பற்றி எழுதுகிறார். ரேஷன் சர்க்கரைக்கு வரிசையில் நின்றது, திரி ஸ்டவ்வைப் பற்ற வைக்கப் போய் மீசை கருகியது, குடையை மறந்துவிட்டு வேறு யாருடைய குடையையோ கொண்டுவந்தது. 'குடித்தனக் குறிப்புகள்' என்று பத்திரிகைக்காரர்கள் தலைப்புப் போட்டு, பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு தொந்தி மனிதரின் படத்தையும் போடுகிறார்கள். உன் அப்பாவுக்குத் தொந்தி கிடையாது. ஆனால் அந்தப் படத்தில் அவருக்குப் பின்னால் கரண்டியோடு நிற்கும் கொண்டைக்காரி நான்தான் என்று ரயிலில் வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். காய்கறிக் கடையில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைப்பதுபோல வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

நான் பொறாமைக்காரி, மகனே. இதை நீ வேறு யாரிடமிருந்தும் தெரிந்துகொள்ள வேண்டாம். பி.ஏ. படிக்கும்போது விடுதியில் என்னோடு இருந்தவர்கள் மெத்தைக்கடியில் காதல் கடிதம் வைத்திருந்தார்கள். நான் கதைகள் வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்பு மூன்று கதைகளை இதே வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். மூன்றும் நான் வைத்தனுப்பிய தபால் தலையோடு, அச்சடித்த ஒரு சின்னத் துண்டுக் காகிதத்துடன் திரும்பி வந்தன. கல்யாணமான இரண்டாம் வருஷம் உன் அப்பா, ரயில் ஒருநாள் இரண்டு மணி நேரம் நின்றுபோனதில் பொழுது போகாமல் கிறுக்கியதை, சும்மா இருக்கட்டும் என்று அனுப்பினார். அடுத்த வாரமே அச்சில் வந்துவிட்டது. அன்று நான் கேசரி கிண்டினேன். கிண்டிக்கொண்டே அழுதேன். முந்திரி வறுத்த புகை என்று சொல்லிக்கொண்டேன். அவர் அதையும் நம்பி, புகை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டு, பிற்பாடு அதைப் பற்றியும் எழுதினார்.

எங்கள் வேலை முறை இதுதான். ரயில் ஆட்டத்தில் எழுதியதை உன் அப்பாவாலேயே படிக்க முடியாது. வியாழக்கிழமைதோறும் அந்தத் தாள்களை என்னிடம் கொடுப்பார். நீ பள்ளிக்கூடம் போனபின் நான் உட்கார்ந்து சுத்தமாகப் பிரதி எடுத்து, உறையில் போட்டு, தபாலில் சேர்ப்பேன். அவர் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை, அச்சானபின்தான் படிப்பார். ஒருமுறை இப்படி எழுதியிருந்தார்: 'பையன் ஒரு தும்மல் போட்டால் என் மனைவி தெர்மாமீட்டரைத் தேடுவாள்.' அவ்வளவுதான். அது நொண்டிக்கொண்டு நின்றது. நான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு என் கையாலேயே சேர்த்தேன்: 'நான் என் சட்டையைத் தேடுவேன்; அடுத்து டாக்டர் வீடுதானே.' அந்த வாரம் வந்த வாசகர் கடிதங்களில் பாதிப்பேர் அந்தச் சட்டையைத்தான் புகழ்ந்திருந்தார்கள். உன் அப்பா படித்துவிட்டு, "பரவால்லியே, நல்லாத்தான் எழுதிகீறேன்" என்றார். திருடியவர் முகமில்லை அது. உண்மையாகவே தான் எழுதியதாக நினைத்துக்கொண்ட முகம். நானும் சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன். உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்: உன் மனைவி எதையாவது சொல்லாமல் காத்திருந்தால் நீ கண்டுபிடிக்க மாட்டாய், உன் வம்சத்தில் அந்தக் கண் கிடையாது. அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது வாயைத் திறந்து கேட்டுவிடு. அவள் ஒன்றுமில்லை என்பாள். மறுபடியும் கேள்.

பத்திரிகை வாங்கிக் கொடுத்த பெயரைவிட எனக்குப் பொறுக்காதது வேறு. உன் சிரிப்பு. உனக்கு மருந்து கொடுப்பவள் நான், நகம் வெட்டுபவள் நான், சீயக்காயைக் கண்ணில் விடுபவளும் நான். மாலையில் ரயில் வந்ததும் ஒரு ஆள் உள்ளே நுழைந்து, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல், "இன்னாபா, இன்னிக்கி உங்கம்மா எத்தினி தபா பயந்துச்சி?" என்று கேட்பார். நீ விரலை நீட்டி எண்ணுவாய். இரண்டு பேரும் தரையில் புரண்டு சிரிப்பீர்கள். நான் வெந்நீரை விளாவிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நாள் முழுக்க நான் உழைத்து வைத்ததை மாலையில் ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போவதுபோல இருக்கும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பள்ளிக்கூட விடுமுறையில் மகாபலிபுரம் போனோம். கடற்கரை என்றாலே எனக்குப் பயம் என்பதால், பையில் உனக்கு இரண்டு செட் துணி, ஒரு துண்டு, ஆறவைத்த வெந்நீர், வாந்தி வந்தால் கொடுக்க எலுமிச்சம்பழம், எல்லாம் இருந்தன. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது உன் பெரிய அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்கா, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் முறுக்கைக் கொடுத்து, "டேய், புள்ள பத்ரம்டா. தண்ணியாண்ட வுட்டுடாத" என்று அவரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இருந்ததில்லை.

கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் மணலில் ஒரு குடும்பம் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தது. அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் அந்த வாரத்துப் பத்திரிகையைப் பிரித்து வைத்திருந்தாள். உன் அப்பா பார்த்துவிட்டார். அவருடைய பக்கம்தான். சிறிது தூரம் கடந்து போனார், திரும்பி வந்தார், செருப்பில் மணல் இருப்பதுபோல நின்று உதறினார். கடைசியில் தாங்க முடியாமல், "அத எழுதனது நான்தாங்க" என்றார். அவ்வளவுதான், அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "நிஜமாவா? எங்க வீட்ல முதல்ல உங்க பக்கத்ததான் பிரிப்போம். அந்தச் சட்டை வரி இருக்கு பாருங்க, 'நான் என் சட்டையைத் தேடுவேன்' னு, எங்க வீட்டுக்காரர் அத மனப்பாடமா சொல்வாரு. எப்படிங்க தோணுது உங்களுக்கு?" என்று கேட்டாள்.

நான் அவர்களுக்குப் பின்னால் ஆறேழு அடி தள்ளி நின்றிருந்தேன். உன் கை என் கையில் இருந்தது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். என் கையில்தான் இருந்தது. சுண்டல் சாப்பிட்ட பிசுபிசுப்போடு, நழுவப் பார்த்துக்கொண்டு. நான் உன் அப்பாவின் வாயையே பார்த்தேன். இப்போதாவது சொல்வாரா, அது எப்படி வந்தது என்று ஒரு நிமிஷமாவது யோசிப்பாரா, திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பாரா. அவர் தலையைச் சொறிந்தார். "ஏதோ தோணும், எழுதிடுவேன்" என்றார். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். அழகான பல்வரிசை. "அவங்கதானா உங்க வீட்டம்மா? பாவம், ரொம்ப பயப்படுவாங்களாமே" என்று என்னைப் பார்த்தாள். நான் கொண்டையைச் சரி செய்தேன். படத்தில் இருக்கும் கொண்டையைப்போல இல்லாமல் இருக்கட்டும் என்று இரண்டு கையாலும் சரி செய்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கையைக் கீழே இறக்கியபோது பிடிக்க எதுவும் இல்லை.

பிறகு நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. எலுமிச்சம்பழங்கள் மணலில் உருண்டது தெரியும். நான் உன் பெயரைக் கத்திக்கொண்டு அலைப்பக்கம் ஓடினேன், உன் அப்பா எனக்கு முன்னால் ஓடினார், ஒரு செருப்போடு. கட்டுமரங்கள் இழுத்து வைத்திருந்த இடத்துக்கு அப்பால், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் உன்னை இடுப்பில் இடுக்கியிருந்தாள். உன் சட்டை மார்புவரை நனைந்து ஒட்டியிருந்தது. நீ அழவில்லை. நண்டு ஒன்று தண்ணீருக்குள் போய்விட்டதாம், அதைக் காட்டிக்கொண்டிருந்தாய். அந்த அம்மாள் உன்னை என்னிடம் கொடுக்கவில்லை. முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாமே, கண்ணு எங்க வச்சிகினு இருந்த? ரெண்டாவது அல வந்திருந்தா புள்ள இல்ல. கைய புடிக்கத் தெரியாதவங்களுக்கு இன்னாத்துக்கு கடலு?"

உன்னை வாங்க நான் கையை நீட்டினேன். அப்போது உன் அப்பா, மூச்சு இரைக்க, எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார். "அது இன்னா பண்ணும், எம்மா. என் கையிலதான் புள்ளய குடுத்துட்டு நின்னுச்சி. நான்தான் பேசிகினே வுட்டுட்டேன்."

"நல்ல ஆம்பள" என்று அவள் உன்னை அவர் தோளில் போட்டாள். "பேச்ச கொறைச்சிக்கபா."

பஸ்ஸில் திரும்பும்போது பையிலிருந்த துணியை உனக்கு மாற்றிவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை தாள்கள் வந்தன. 'என் புகழும் என் பையனும்' என்று தலைப்பு. ஒரு வாசகி பாராட்டிய மயக்கத்தில் சொந்தப் பிள்ளையின் கையை விட்டுவிட்ட ஒரு முட்டாளைப் பற்றி. அந்த அம்மாளின் திட்டு அப்படியே இருந்தது, திட்டு வாங்கியவர் மட்டும் மாறியிருந்தார். அதில் நான் எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்து உன்னைக் காப்பாற்றுகிறேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது; அதுதான் கொடுமை. எத்தனையோ வாரம் அவர் வரிக்குள் என் வரியைச் செருகியவள் நான். அன்று 'கையை விட்டவன் நான்தான்' என்ற இடத்தில் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் போதும். மாற்றவில்லை. என் அழகான கையெழுத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, உறையை ஒட்டினேன். ஒட்டும்போது எனக்குக் கோபம்கூட வந்தது. தப்பைச் செய்தவள் நான், அதற்கும் பெயர் வாங்குகிறவர் அவரா என்று.

அச்சானதும் உன் பெரிய அத்தை திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். கூடத்தில் நின்றுகொண்டே ஆரம்பித்தார். "அறிவு கீதாடா உனுக்கு? படிச்சி படிச்சி சொன்னேனே. வெளியில எவளோ பல்ல காட்டினா புள்ளய வுட்டுட்டு பூடுவியா? இதுல பேப்பர்ல வேற போட்டுக்கினு." உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "தப்புதான்க்கா, தப்புதான்க்கா" என்று கேட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "இந்த பொண்ணு மட்டும் இல்லன்னா" என்று அத்தை என் கன்னத்தைத் தடவினார். நான் காபி போடப் போனேன்.

நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. மூன்று பேரும் சென்னை நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க நின்றோம். லாரி ஒன்று போனது. உன் அப்பா வழக்கம்போல கையை நீட்டினார். நீ உன் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாய். "வேணாம். நைனா தொலைச்சிடும்" என்றாய். என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டு, "அம்மா கைதான் பத்ரம்" என்றாய்.

உன் அப்பா இதற்கு ஏதாவது சொல்வார், நீ சிரிப்பாய் என்று நானும் நினைத்தேன். அவர் நீட்டிய கையைப் பார்த்தார், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாததுபோல சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். "சரி, அம்மாவையே புடிச்சிக்க" என்று முன்னால் நடந்துவிட்டார். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். மகனே, அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஐந்தரை வருஷமாக நான் கேட்டது அது ஒன்றுதான். கிடைத்துவிட்டது. மூன்று வாரம் அதை அனுபவித்தேன். ராத்திரியில் நீ என் பக்கம் திரும்பிப் படுத்தாய். ரயில் வந்ததும் விரல் நீட்டி எண்ணவில்லை. அவர் உன்னைக் கேட்கவும் இல்லை.

போன வாரம் வியாழக்கிழமை தாள் வரவில்லை. "இந்த வாரம் ஒண்ணும் தோணல" என்றார். நேற்றும் வியாழக்கிழமை. மையை நிரப்பி வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பிரதி எடுக்க எதுவும் இல்லை. உடம்பு சரியில்லை என்று பத்திரிகைக்கு ஒரு அட்டை எழுதிப் போட்டிருக்கிறாராம். அந்த மேஜை முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது, அவருடைய வேடிக்கையெல்லாம் வீட்டில் உன்னிடம் சொல்லிப் பார்த்துவிட்டு, நீ சிரித்ததை மட்டும் ரயிலில் எழுதியது. அந்தச் சிரிப்பைத்தான் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். நீ பெரியவனானதும் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டு வந்ததில், இருபது வருஷம் காத்திருக்க முடியாது என்று தெரிகிறது. பள்ளிக்கூட மணி அடிக்கப் போகிறது. இதை இத்துடன் மூடிவைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

இனி வருவது இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து எழுதுவது.

அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியிலேயே சொல்லிவிட்டேன். புளியமரத்தடியில் நிறுத்தி, உன் உயரத்துக்குக் குனிந்து, "கடலாண்ட உன் கைய வுட்டது நைனா இல்லடா. நான்" என்றேன். விடுதியில் மூன்று வருஷம் பழகிய பேச்செல்லாம் எங்கே போனதோ, உன் பேச்சுதான் என் வாயில் வந்தது.

"நீயா?"

"நான்தான்."

"ஏன் வுட்ட?"

பொறாமை என்ற சொல் உனக்குத் தெரியாது. "நைனா பேசறத கேட்டுகினு இருந்தேன்" என்றேன்.

நீ கீழே கிடந்த புளியங்கொட்டை ஒன்றைக் காலால் தள்ளினாய். திட்டுவாய், அழுவாய், இனிமேல் என் கையையும் பிடிக்க மாட்டாய் என்று மூன்றுக்கும் தயாராக நின்றேன். "நல்லா பேசிச்சா?" என்று கேட்டாய்.

"நல்லாத்தான் பேசிச்சி."

அதற்குப் பிறகு வீடு வரைக்கும் நீ யார் கையையும் பிடிக்கவில்லை. புத்தகப் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாய். ஒவ்வொரு சைக்கிளுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. கூப்பிடவில்லை. அது என் தண்டனை என்று வைத்துக்கொண்டேன்.

மாலையில் உன்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஸ்டேஷனை ஒட்டிய ஏரியின் காற்றில் உனக்குச் சளி பிடிக்கும் என்று ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. உன் அப்பா பெட்டியிலிருந்து இறங்கி எங்களைப் பார்த்ததும் பயந்துபோய், "இன்னாச்சி? யாருக்கு இன்னா?" என்றார். பயப்படுவது என் வேலையாக இருந்தது. அன்று அவர் செய்தார். நீ நேராகப் போய் அவர் முன்னால் நின்றாய்.

"நைனா, நீ வுடலயாமே. அம்மாதான் வுட்டுச்சாம்."

அவர் உன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். இறங்கிய கூட்டமெல்லாம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் உடனே, "உங்கம்மா சும்மா சொல்லுது. நான்தான்டா" என்றார். அப்போதும். அந்த மனிதர் அப்போதும்.

"இல்ல" என்றாய் நீ. "அம்மாவுக்கு கத சொல்ல வராது. உனுக்குத்தான் வரும்."

உன் அப்பா சிரித்துவிட்டார். மூன்று வாரத்துக்கு அப்புறம். எனக்குக் கதை சொல்ல வராது என்று நீ ஸ்டேஷனில் பத்துப்பேர் கேட்கச் சொன்னது எனக்கு எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று இப்போது உனக்குத் தெரியும். ஆனாலும் சட்டை வரி என்னுடையது என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன், இந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துவதற்குள். பைண்டு பண்ணிய புத்தகத்தில் எது யார் எழுதியது என்று நீ பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. 'கையை விட்டவன் நான்தான்' என்ற அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் என்னைப் பற்றி எழுதிக்கொள். என்றைக்காவது உன் மனைவி செய்த தப்பை நீ உன் தலையில் போட்டுக்கொள்ள நினைத்தால், போட்டுக்கொள். பெரிய மனதுதான். ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய். எடுத்துக்கொண்ட உனக்கு அது லேசாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு நின்ற அவளுக்கு அப்படி இருக்காது.

ஸ்டேஷன் வாசலில் அவர் கையை நீட்டவில்லை. பயமாக இருந்திருக்கும். நீயாகத்தான் அவர் விரல்களைப் பிடித்தாய். அவர் பிடித்த பிடியில் நீ, "நைனா, வலிக்குது" என்றாய். தளர்த்தினார், ஆனால் விடவில்லை. பஜார் தெருவில் மூன்று பேர் சேர்ந்து நடக்க இடம் போதாது. நீங்கள் இரண்டு பேரும் முன்னால் போனீர்கள். நான் அவருடைய பையையும் சாப்பாட்டு அடுக்கையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். அவர் குனிந்து ஏதோ சொன்னார். நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது, அது இருந்துவிட்டுப் போகட்டும். வீடு வந்து சேரும்வரை உன்மேல் வைத்த கண்ணை நான் எடுக்கவில்லை.

அம்மா